காயாத தரையில் ஒரு மேனேஜர்

ஐம்பத்து மூன்று வயதில், உனக்கு என்ன தெரியும் என்று ஒரு படிவம் என்னைக் கேட்டது. ஹிமேஜி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அந்தக் கட்டத்தின் முன்னால் நாற்பது நிமிடம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் வெல்டர் போலிருக்கிறது. மடமடவென்று எழுதி, இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். எனக்கு அவர்மேல் வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

எனக்குத் தெரிந்த வேலை முத்திரை குத்துவது. அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்தேன், கடைசிப் பதினொன்று பொது நிர்வாகப் பிரிவின் மேனேஜராக. கீழே இருப்பவர்கள் தாள்களைக் கொண்டுவருவார்கள். நான் என் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி என் கட்டத்தில் குத்துவேன். இடப்பக்கத்துக் கட்டம் எனக்கு மேலே இருப்பவருடையது. அதனால் முத்திரையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக் குத்த வேண்டும், என் பெயர் அவர் பெயருக்குத் தலைவணங்குவதுபோல் தெரியும். எனக்குக் கீழே வேலை பார்த்து என் வலப்பக்கத்தில் குத்தும் உராபே என்னைவிட அதிகமாகச் சாய்ப்பான். எந்தப் பதவிக்கு எவ்வளவு சாய்வு என்பதில் என்னை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. இதை எப்படிப் படிவத்தில் எழுதுவது? ‘ஆவணங்களைச் சரிபார்த்தல்’ என்று எழுதிவைத்தேன்.

எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியபோது, ஐம்பது தாண்டிய மேனேஜர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பூங்கொத்து கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அதன்பிறகு நாற்பத்தொரு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். எல்லாம் கையால் எழுதியது. ஓர் எழுத்துத் தப்பினாலும் தாளைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். நாற்பத்தொரு பேரும் ஒழுங்காகப் பதில் போட்டார்கள். வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, ‘தங்கள் எதிர்காலம் சிறக்கப் பிரார்த்திக்கிறோம்’ என்று முடிப்பது எங்கள் ஊர் மரியாதை. நாற்பத்தொரு கம்பெனிகள் சேர்ந்து பிரார்த்தித்தும் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.

“ஏங்க, இன்னொரு பிரார்த்தனை வந்துச்சுன்னா அதை சாமி அலமாரியிலயே வெச்சு மணி அடிச்சிடறேன்,” என்றாள் என் மனைவி சாதோமி.

அவள் சாப்பாட்டுப் பெட்டிக் கடையில் முட்டை ஆம்லெட் சுருட்டுகிறாள். எனக்கு வேலை போனதும் விடியற்காலை ஷிஃப்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். ஒரு நாளைக்கு இருநூறு ஆம்லெட். வலது தோள்பட்டை வீங்கிப்போய், தலை சீவக் கையைத் தூக்க முடியாமல் ஆகிவிட்டது. வருஷக் கடைசிக்குள் நிறுத்தாவிட்டால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாதோமி அதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அப்போதும் பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெண் என் படிவத்தைப் படித்துவிட்டு, மிகவும் மரியாதையாக ஒரு தாளை நீட்டினாள். கட்டடத் துப்புரவுப் பயிற்சி, மூன்று மாதம், பத்துப் பேர், டிசம்பரில் முடியும். கடைசியில் துப்புரவுக் கம்பெனி முதலாளி ஒருவர் நேரில் வந்து, வேலையைப் பார்த்து ஆள் எடுப்பார். வேறு வகுப்புகள் இல்லையா என்று கேட்டேன். கணினி வகுப்புக்கு அடிப்படைத் தேர்வு உண்டு என்றாள். நான் துப்புரவுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் கோட்டு, டை, பளபளக்கும் ஷூவோடு போனேன். பயிற்சியாளர் குனிமோத்தோவுக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். முழங்காலில் ஒட்டுப்போட்ட பேண்ட், கழுத்தில் துண்டு. அவர் முன்னால் போய் நின்று, இடுப்பிலிருந்து குனிந்து, இரண்டு கையாலும் என் விசிட்டிங் கார்டை நீட்டினேன். அது பழைய கம்பெனியின் கார்டு. ‘மேனேஜர்’ என்ற சொல்லுக்கு மேலே பேனாவால் ‘முன்னாள்’ என்று நானே எழுதியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து முப்பது கார்டுகளில் அப்படி எழுதினேன். அதை இப்போது சொல்லும்போது காது சுடுகிறது. அன்றைக்குச் சுடவில்லை.

அவரும் இரண்டு கையாலும் வாங்கி, நிதானமாகப் படித்து, மேல்சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

“நிஷிவாக்கி-சான், அந்த ஷூவைக் கழட்டிட்டு வாங்க. அதோட அடி தரையைக் கீறும்,” என்றார், என் பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “எல்லாரும் எந்திரிங்கப்பா, மேனேஜர் வந்திருக்காரு.”

அது இவாசே-சான். ஐம்பத்தெட்டு வயது. காலுறை ஆலையில் முப்பது வருஷம் குதிகால் தைத்தவர், போன வசந்தத்தில் ஆலை மூடிவிட்டது. அன்றையிலிருந்து வகுப்பு முழுக்க எனக்கு மேனேஜர் என்றே பெயர். கேலி என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் மனதுக்கு இதமாகத்தான் இருந்தது.

தரை தேய்க்கும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வட்டமான தூரிகை, நீண்ட கைப்பிடி, ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தியதும் அது என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தியது. நான் பல்லைக் கடித்து எதிர்ப்பக்கம் தள்ளினேன், அது மறுசுவருக்கு ஓடியது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, கறிக்கடைக்குப் போகமாட்டேன் என்கிற மாட்டோடு மல்லுக்கட்டுகிறவன் மாதிரி அறையை மூன்று முறை சுற்றிவந்தேன்.

“அதுக்கு உத்தரவு போடாதீங்க மேனேஜர், அதுக்கு உங்க பதவி தெரியாது,” என்றார் இவாசே-சான்.

குனிமோத்தோ டீச்சர் வந்து பொத்தானை விடச் சொன்னார். “பலமே வேணாம். கைப்பிடியை ஒரு விரல் உசரம் தூக்குங்க, வலது பக்கம் போகும். ஒரு விரல் தாழ்த்துங்க, இடது பக்கம் வரும். அவ்வளவுதான். நீங்க கூடவே நடங்க.”

அது உண்மை. ஒரு விரல் உயரம்தான். இருபத்தொன்பது ஆண்டுகள் முத்திரையை ஒரு மயிரிழை சாய்த்துப் பழகிய கைக்கு அந்த ஒரு விரல் நான்காவது நாளே பிடிபட்டுவிட்டது. வகுப்பில் முதல் முதலாக இயந்திரத்தை நேர்கோட்டில் ஓட்டியவன் நான். வீட்டுக்குப் போய்ச் சாதோமியிடம் அதை மூன்று தடவை சொன்னேன். அவள் வலது தோளில் ஒட்டுப்பட்டையை ஒட்டச் சொல்லி முதுகைக் காட்டினாள். ஒட்டிக்கொண்டே நான்காவது தடவையும் சொன்னேன்.

பழைய மெழுகை உரிப்பது, அழுக்குத் தண்ணீரை வாருவது, துணியைப் பிழிவது, புது மெழுகைப் பால்போல் மெல்லிசாகப் பூசுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. துணி பிழிவதிலேயே ஒரு வாரம் போனது. எனக்கு அது பிடித்திருந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. காலையில் அழுக்காக இருந்த தரை சாயங்காலம் பளிச்சென்று இருக்கும். கம்பெனியில் காலையில் என் மேஜைக்கு வந்த தாள் சாயங்காலம் வேறொரு மேஜையில் இருக்கும், அவ்வளவுதான்.

டீச்சர் தினமும் சொன்ன பாடம் ஒன்றுதான். “பூசறவங்க வெளிய வந்துதான் ஆகணும். அதனால முதல்ல கதவைப் பாருங்க, அப்புறம் தரையைப் பாருங்க. தூரத்து மூலையில ஆரம்பிச்சு, பின்னாடியே நகர்ந்து, உங்க கதவுல வந்து முடிங்க. பூசின இடத்துல யார் கால் வெச்சாலும் எல்லாம் போச்சு. முப்பது நிமிஷம், யாரா இருந்தாலும்.”

டிசம்பர் முதல் வாரம் முதலாளி ஒனோதேரா வந்தார். அறுபது வயதிருக்கும், குட்டையான மனிதர், யார் முகத்தையும் பார்க்காமல் தரையையே பார்த்து நடப்பவர். ஆளுக்கொரு வகுப்பறை கொடுத்தார்கள். எங்கள் ஊர் வகுப்பறைக்கு முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. நான் முன்கதவு மூலையில் ஆரம்பித்து, பின்கதவை நோக்கிப் பூசிக்கொண்டே வந்தேன். கோடு இல்லை, குமிழி இல்லை. கதவுக்கு இரண்டடி மிச்சம் இருக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். சன்னல் வெளிச்சத்தில் அறை முழுக்கக் குளம்போல் கிடந்தது. ‘சாதோமி, இது முடிஞ்சுது’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது முன்கதவு திறந்தது. ஒனோதேரா நின்றார்.

அடுத்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. மேலிடத்து ஆள் வந்து நிற்கிறார், நான் தூரத்தில் நிற்கிறேன், இது என் உடம்புக்குப் பொறுக்கவில்லை. மெழுகு பூசும் கோலைச் சுவரில் சாய்த்தேன். விறுவிறுவென்று அறையின் குறுக்கே நடந்தேன். அவர் முன்னால் போய் இடுப்பிலிருந்து குனிந்தேன். சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். ஆமாம், ‘முன்னாள்’ கார்டுதான். பரீட்சைக்குக்கூட அதை எடுத்துப்போயிருந்தேன்.

பழக்கதோஷம் அவருக்கும் இருந்தது. குனிந்து வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. நானும் திரும்பினேன். ஈர மெழுகில் ஒன்பது தடங்கள், நூல் பிடித்தமாதிரி நேராக. கடைசி இரண்டு மட்டும் ஆழமாக இருந்தன, குனிந்த இடம்.

ஒனோதேரா அடுத்த அறைக்குப் போனார். எனக்கு நாற்பத்திரண்டாவது பிரார்த்தனை காதில் கேட்டது. இவாசே-சான் எட்டிப் பார்த்தார். தடங்களைப் பார்த்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கேலி செய்திருந்தால் தேவலை.

சாயங்காலம் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்தத் தடங்களை நாளைக்கு நீங்களே உரிச்சு, மறுபடி பூசணும்.”

“சரி டீச்சர்.”

“ஒனோதேரா-சான்கிட்ட பேசினேன். தடத்தைத் தள்ளிவெச்சுட்டுப் பூச்சைப் பாருங்கன்னு சொன்னேன். பார்த்தாரு. பூச்சு நல்லாத்தான் இருக்காம். சனிக்கிழமை ஒருநாள் வேலை பார்க்கச் சொல்றாரு, உங்களையும் இவாசே-சானையும். அதுலயும் ஈரத்துல கால் வெச்சீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.” பிறகு கையை நீட்டினார். “மீதிக் கார்டையெல்லாம் குடுங்க.”

கொடுத்தேன். பதினேழு மிச்சம் இருந்தன. அந்தக் கார்டுகளால் மெழுகுப் பீப்பாய் மூடியில் ஒட்டியிருந்த கசடைச் சுரண்டினார். அதற்குச் சரியான கனம் என்றார்.

சனிக்கிழமை காலை ஒனோதேராவின் வேன் போய் நின்ற இடத்தைப் பார்த்ததும் தலைத்துண்டைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். என் பழைய கம்பெனி, மூன்றாவது மாடி, பொது நிர்வாகப் பிரிவு. இருபத்தொன்பது வருஷம் அந்த மாடிக்கு லிஃப்டில் போனவன், அன்றைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்படிக்கட்டில் ஏறினேன்.

“மேனேஜர், முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?” என்றார் இவாசே-சான். சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். “வயித்து வலின்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. உங்க பங்கையும் நான் பார்த்துக்கறேன். சத்தியமாத்தான் சொல்றேன்.”

நான் அதை உண்மையாகவே யோசித்தேன். ஆனால் காலையில் கிளம்பும்போது சாதோமி இடது கையால் தலை சீவிக்கொண்டிருந்தாள், வகிடு கோணலாக வந்தது. அது கண்ணில் வந்து நின்றது. “சனிக்கிழமை, யாரும் வரமாட்டாங்க,” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்தேன்.

நாற்காலிகளை நகர்த்தி இயந்திரத்தை ஓட்டினோம். என் பழைய மேஜைக்கடியில், சன்னலோரம், ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. நாற்காலிச் சக்கரங்கள் பதினொரு வருஷம் தேய்த்த வட்டம். இயந்திரத்துக்கு மசியவில்லை. முட்டி போட்டுக் கையால் சுரண்ட வேண்டியிருந்தது. இந்தக் கம்பெனியில் நான் உருப்படியாக உண்டாக்கியது இது ஒன்றுதான் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது. இருபது நிமிடத்தில் சுத்தமாக எடுத்துவிட்டேன்.

“முட்டி என்ன சொல்லுது மேனேஜர்?” என்றார் இவாசே-சான் கூடத்தின் மறுகோடியிலிருந்து.

“ராஜினாமா கடிதம் குடுக்குது,” என்றேன்.

மெழுகு பூசும் நேரம் வந்தது. இவாசே-சான் பக்கத்து அறைக்குப் போனார். ஒனோதேரா கீழே எங்கேயோ இருந்தார். லிஃப்ட் பக்கக் கண்ணாடிக் கதவில் ஆரம்பித்து, படிக்கட்டுக் கதவை நோக்கிப் பின்னாலேயே வந்தேன். முக்கால்வாசிக்கு மேல் முடித்து, என் கதவுக்கு மூன்றடி இருக்கும்போது லிஃப்ட் மணி அடித்தது. கண்ணாடிக் கதவு திறந்தது. கையில் கோப்போடு உராபே நின்றான்.

அவன் என்னைப் பார்த்தான். தலையில் துண்டு, ஒட்டுப்போட்ட முழங்கால், கையில் பூசுகோல். என்னை அடையாளம் தெரிய அவனுக்கு ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

“மேனேஜர்,” என்றான். குரல் உடைந்தது.

அவன் முகத்தைப் பார்த்ததும் என் உடம்பு வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. ஆனால் அன்றைக்குக் கால் மெழுகு பூசாத அந்த மூன்றடியைத் தாண்டவில்லை. அது அங்கேயே நின்றது. நின்ற இடத்திலேயே குனிந்தேன். நிமிர்ந்தபோது உராபே என்ன செய்யப்போகிறான் என்று தெரிந்துவிட்டது. அவனை வளர்த்தவன் நான்தானே. மேலிடத்து ஆள் தூரத்தில் நிற்க, அவன் உடம்புக்கும் அது பொறுக்கவில்லை. வலது காலைத் தூக்கிவிட்டான்.

“உராபே, நில்லு. காலைக் கீழ வெக்காத.”

பதினொரு வருஷத்தில் நான் போட்ட உத்தரவுகளில் உண்மையிலேயே தேவைப்பட்டது அது ஒன்றுதான். அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

“அப்படியே பின்னாடி வை. ம். அவ்வளவுதான்.”

“மேனேஜர், என் முத்திரை உள்ள மேஜையில இருக்கு. மதியத்துக்குள்ள இந்தத் தாளை அனுப்பணும்.”

“காயணும். முப்பது நிமிஷம்.”

“தலைமை அலுவலகத்துல காத்துட்டு இருக்காங்க.”

“யாரா இருந்தாலும் முப்பது நிமிஷம்.”

கடைசி மூன்றடியையும் பூசி, கதவைத் தாண்டிப் படிக்கட்டுக்கு வந்தேன். உராபே சுற்றிக்கொண்டு பின்பக்கமாக ஏறிவந்தான், காசு போடும் இயந்திரத்தில் வாங்கிய டப்பாக் காபி இரண்டு கையில். படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவன் எனக்கு ஒரு படி கீழே உட்காரப் பார்த்தான், அங்கே வாளி இருந்தது.

“உங்களுக்கு ஃபோன் பண்ணணும்னு நெனச்சுட்டே இருந்தேன்,” என்றான்.

“பண்ணலையே.”

“என்ன பேசறதுன்னு தெரியல.”

“பண்ணியிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது.”

டப்பாவை உருட்டிக்கொண்டே இருந்தான். “இப்ப உங்க நாற்காலியில நான்தான் உக்கார்றேன்.”

“தெரியும். அதுக்கடியில ஒரு கறுப்பு வட்டம் இருந்துச்சு. எடுத்துட்டேன். இனிமே உன்னோடதை நீ போட்டுக்க.”

அவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, மூக்கை உறிஞ்சினான். நான் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். கை முழுக்க மெழுகு, அவன் கோட்டில் ஐந்து விரலும் பதிந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்து, அப்புறம் விட்டுவிட்டேன்.

முப்பது நிமிடம் ஆனதும் கீழேயிருந்து ஒனோதேரா ஏறிவந்தார். கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே கூடத்தைக் குனிந்து பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“கீழ்ப்படியிலதான் நின்னுட்டு இருந்தேன், நீங்க இவரை நிறுத்தினதைக் கேட்டேன்,” என்றார், என்னைப் பார்க்காமல். “கட்டடத்துக்காரங்களையே வெளிய நிறுத்தறவரு வேணும் எனக்கு. எல்லாரும் கம்பெனிக்காரங்க வந்தா வழிவிட்டுடறாங்க, அப்புறம் ராத்திரியில நான்தான் வந்து திரும்பப் பூசறேன்.” மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்தார். “திங்கட்கிழமையிலருந்து வாங்க. இவாசே-சானும்தான். இங்க முத்திரை போடுங்க.”

படியிலேயே தாளை விரித்தேன். இரண்டு கட்டங்கள். இடப்பக்கத்தில் அவர் முத்திரை ஏற்கனவே விழுந்திருந்தது. எப்போதும் பையில் வைத்திருக்கும் என் முத்திரையை அவர் நீட்டிய மையில் ஒற்றி, வலப்பக்கக் கட்டத்தில் குத்தினேன்.

ஒனோதேரா தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். “என்ன இது, சாஞ்சிருக்கு. கை நடுங்குதா?”

உராபே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஏன் சாய்ந்தது என்று அவனுக்குத் தெரியும்.

“பழக்கம்,” என்றேன்.

“இதை அனுப்பினா ஆபீஸ்ல கோணல் முத்திரைன்னு திருப்பிடுவாங்க. இந்தாங்க இன்னொரு தாள். நேரா குத்துங்க.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினேன். இடப்பக்கம் போகப் பார்த்த கையை வலப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் தாளின் நகலைக் கொண்டுபோய்ச் சாதோமியின் முன்னால் இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் பிரார்த்தனை என்று நினைத்து வாங்க மாட்டேன் என்றாள். பிறகு வாங்கி, விளக்குக்குக் கீழே பிடித்து, மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடியும் படித்தாள். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமி அலமாரிக்குப் போய் மணியை ஒரு தட்டுத் தட்டினாள்.

“ஏங்க,” என்றாள் அங்கிருந்தே, தாளைத் தூக்கிப் பிடித்து. “உங்க முத்திரை கொஞ்சம் வலது பக்கம் சாஞ்ச மாதிரி இல்ல?”

வாங்கிப் பார்த்தேன். ஆமாம், சாய்ந்துதான் இருந்தது. இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு என் பெயர், முதலாளி பக்கம் குனியாமல், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

“இருக்கட்டும்,” என்றேன். “கடைக்கு ஃபோன் பண்ணு. நாளைக்கு ஆம்லெட்டுக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லு.”